காலிஃபிளவரும் ஒரு குழந்தையின் எச்சிலும்

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம். காலிஃபிளவர வாயில வெச்சதும் நாத்தம் அடிக்குதுன்னு துப்பிடறான் என் பேரன். அதே பொரியல்தான் நானும் சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் தெரியல. புள்ள நடிக்குதா?"

பெரம்பூரில் எங்கள் கீழ்வீட்டு அம்மா போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, நாலு வயதுப் பேரனுக்கு மத்தியானச் சோறு கொடுப்பது அவர் பொறுப்பு. நான் வேதியியல் ஆசிரியை. கேள்வி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் எதிரே போய் உட்கார்ந்து பார்த்தேன்.

சாம்பார் சாதத்தில் இருந்த பீன்ஸ் துண்டுகளை, அரிசியில் கல் பொறுக்குவது போல, இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். உருளைக்கிழங்கைத் தொடவில்லை, அது உள்ளே போய்விட்டது. பிறகு பாட்டி ஒரு சின்ன காலிஃபிளவர் பூவை வாயில் வைத்தார். இரண்டு மெல்லு மென்றான். முகத்தில் ஒன்றுமில்லை. நாலாவது, ஐந்தாவது மெல்லில்தான் மூக்கு சுருங்கியது, நாக்கு வெளியே வந்தது, பூ தட்டில் விழுந்தது.

அந்தச் சின்னத் தாமதம்தான் எனக்குத் துப்பு. காயில் ஏற்கெனவே நாற்றம் இருந்திருந்தால் முதல் கடியிலேயே முகம் மாறியிருக்கும். மெல்ல மெல்ல ஏதோ உருவாகியிருக்கிறது. எங்கே? அவன் வாயில்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை. பச்சை முட்டைக்கோஸ் இலையில் ஒரு துண்டு கிள்ளிக்கொள்ளுங்கள். மூக்கை நன்றாகப் பொத்திக்கொண்டு மெல்லுங்கள். மொறுமொறுப்பு தெரியும், லேசான இனிப்பு தெரியும், அவ்வளவுதான். இப்போது மூக்கை விடுங்கள். 'முட்டைக்கோஸ்' என்று நாம் சொல்கிற அந்தச் சங்கதி அந்த நொடியில்தான் வந்து சேரும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளானிலும் தக்காளியிலும் தெரிகிற சுவை) என்ற ஐந்துதான். மீதியெல்லாம் மெல்லும்போது கிளம்பும் ஆவி, தொண்டையின் பின்பக்கம் வழியாக மூக்கில் ஏறுவது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை.

கசப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வகத்தில் பி.டி.சி. என்ற பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. இந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. மனிதனுக்குக் கசப்பு ஏற்பிகள், அதாவது நாக்கில் கசப்பை உணரும் புரதங்கள், சுமார் 25 வகை. அதில் ஒன்றை உருவாக்குவது இந்த மரபணு. 2005இல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இந்த மரபணுவின் ஒரு வகையில், தாயும் பிள்ளையும் அதே மரபணு கொண்டிருந்தாலும் பிள்ளைக்குத் தாயைவிடக் கசப்பு கூடுதலாகத் தெரிந்தது. பாகற்காயைக் குழந்தை துப்பினால் அதற்கு இது போதும். காலிஃபிளவர் விஷயத்தில் 'கசக்குது' என்று அவன் சொல்லவில்லை. 'நாத்தம்' என்றான். குழந்தைகள் இந்த வார்த்தைகளைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறார்கள். நாம்தான் காது கொடுப்பதில்லை.

காலிஃபிளவர், முட்டைக்கோஸ், நூக்கல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். காலிஃபிளவரிலும் முட்டைக்கோஸிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் ஒன்று நிறைய உண்டு: எஸ்-மெத்தில் சிஸ்டீன் சல்ஃபாக்ஸைடு. பெயர்தான் நீளம், அதற்கென்று ஒரு வாசனை கிடையாது. செடியின் செல்லுக்குள் அது ஓர் அறையில், அதை உடைக்கிற நொதி (என்ஸைம்) வேறோர் அறையில் இருக்கும். பூச்சி கடித்தாலோ, கத்தி பட்டாலோ, பல் பட்டாலோ இரண்டும் கலந்துவிடும். அமினோ அமிலம் உடைந்து கந்தகச் சேர்மங்கள் கிளம்பும். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வருவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இனிமேல் வருவதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்த பகுதி. அதே மாதிரி உடைக்கும் நொதி நம் வாயிலும் இருக்கிறது. நாம் சுரப்பதல்ல, நாக்கின் மேலும் பல்லிடுக்கிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுரப்பது. சமைத்த சூட்டில் செடியின் நொதி செத்துவிடும். ஆனால் உடையாமல் மிச்சமிருக்கும் அமினோ அமிலம் எச்சிலில் கரைந்ததும் வாயின் பாக்டீரியா அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மெல்ல மெல்லக் கந்தகச் சேர்மங்கள் உருவாகும். அவற்றில் முக்கியமானது டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு, அதாவது மூன்று கந்தக அணுக்கள் சங்கிலியாகக் கோத்து, இரு முனையிலும் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிய மூலக்கூறு. சுமத்ரா தீவில் பிணமலர் என்றொரு ராட்சதப் பூ இருக்கிறது, நம் சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்தது. அழுகிய இறைச்சி என்று நினைத்துப் பூச்சிகள் தேடி வரட்டும் என்று அது காற்றில் விடுகிற நாற்றத்தில் இந்த மூலக்கூறும் உண்டு. ஆறாத புண்ணின் துர்நாற்றத்திலும் உண்டு. கொஞ்சூண்டு இருந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

அந்தப் பொடியன் வாயில் உருவானது இதுதான் என்றால், அவன் துப்பியதில் என்ன தப்பு?

எல்லார் வாயிலும் ஒரே அளவு உருவாவதில்லை. யார் வாயில் எந்த பாக்டீரியா எவ்வளவு குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் 6 முதல் 8 வயதுக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையுமாக 98 ஜோடிகளைச் சோதித்தார்கள். ஒவ்வொருவர் எச்சிலையும் காலிஃபிளவரோடு கலந்து என்ன ஆவி கிளம்புகிறது என்று அளந்து, 2021இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். எந்தக் குழந்தையின் எச்சிலில் கந்தக ஆவி அதிகமோ, அந்தக் குழந்தைக்கு இந்தக் காய்கள் அதிகமாகப் பிடிக்கவில்லை. தாய் தந்தையின் அளவும் பிள்ளையின் அளவும் ஒத்துப்போனது. ஒரே வீடு, ஒரே பாக்டீரியா.

ஆனால் பெரியவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை! எச்சிலில் அதே அளவு ஆவி கிளம்பும் அம்மா காலிஃபிளவரைச் சாப்பிடுகிறார், பிள்ளை துப்புகிறான். வாயில் நடக்கும் வேதியியல் ஒன்றுதான். தீர்ப்புதான் வேறு. அப்படியென்றால் இடையில் எங்கோ அந்த நாற்றத்தோடு ராசியாகப் போக நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

கீழ்வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டார். முந்தின வாரம்தான் பிள்ளைக்குக் கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, அதற்கு மறுநாள் யாரிடமோ கூட்டிப்போய் மந்திரித்து, கையில் கயிறும் கட்டியிருக்கிறார்கள். திருஷ்டி சுற்றுவதில் பாட்டிக்கு ஆறுதல் இருக்கலாம். என்னைக் கோபப்படுத்துவது, 'புள்ளைக்கு எதுவோ புடிச்சிருக்கு' என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சொல்வதும், அதை அந்தப் பிள்ளை எதிரே நின்று கேட்பதும்தான். நாலு வயதில் தன் நாக்கையே சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிறோம். டாக்டரைக் கேட்காமல் பசி சிரப் வாங்கி ஊற்றுவதும் இதே ரகம். எடை கூடாமல் நின்றாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ, விரல்விட்டு எண்ணும் நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி இது நோயில்லை.

சரி, அந்த ராசி எப்படி வருகிறது? சுமார் 2 வயதிலிருந்து 6 வயது வரை புது உணவைக் கண்டு விலகுவது உலகம் முழுக்கக் குழந்தைகளிடம் இருக்கிறது. தானாக நடந்து போய்க் கண்டதை வாயில் போடும் வயதில் இந்தத் தயக்கம் ஒரு காவல் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். காவலாளிக்குப் பழகின முகம் வேண்டும். லியன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். 1982இல் 2 வயதுக் குழந்தைகளுக்குச் சில புது உணவுகளை 2 முறை, சிலவற்றை 5, 10, 15, 20 முறை என்று ருசிக்கக் கொடுத்தார். அதிகமுறை ருசித்தது அதிகம் பிடித்துப்போனது. 1987இல் இன்னொன்றும் பார்த்தார்: கண்ணால் பார்த்தால் மட்டும் போதுமா? போதவில்லை. நாக்கில் பட்டே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு 'இவனுக்குப் பிடிக்காது' என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். அதோடு காய் தட்டுக்கு வருவதே நின்றுவிடுகிறது.

இந்தப் பழக்கம் தட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்காத வீடு ஏது? அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் சுவை-வாசனை ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்ப்பும் 1991இல் தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 2 மணி நேரத்தில் தாய்ப்பாலில் பூண்டு வாசனை உச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் முகம் திருப்பவில்லை, மார்பில் கூடுதல் நேரம் இருந்தார்கள். 2001இல் கேரட் சாறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும்போதோ அம்மா அதைக் குடித்திருந்தால், பின்னால் கேரட் வாசனைக் கஞ்சிக்குக் குழந்தை முகம் சுளிப்பது குறைந்தது. பிரசவ வீட்டுப் பத்தியத்தில் காய்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வற்புறுத்தல் எதிர்ப்பக்கம் இழுக்கும். 2006இல் பர்ச் குழுவின் இன்னொரு ஆய்வில், சூப் குடிக்கும் பிள்ளைகளிடம் 'முடிச்சிடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவும் தன்மையாகத்தான். சொல்லாமல் விட்டபோதுதான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். 'பொரியல் சாப்பிட்டா ஐஸ்க்ரீம்' என்பதும் பொரியலுக்குக் கெட்ட பெயர்தான் வாங்கித் தரும், கூலி கொடுத்துச் செய்ய வைக்கிற வேலை என்று அது மனதில் பதிந்துவிடும். போனைக் காட்டி ஊட்டினால், வாயில் போனது என்னவென்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது.

சமையலில் செய்யக்கூடியதும் இருக்கிறது. காலிஃபிளவரை நெடுநேரம் மூடிபோட்டு வேகவிட்டால் அந்த அமினோ அமிலம் சூட்டிலேயே உடைந்து நாற்றம் கூடும். பூச்சி போக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் அமிழ்த்தி வடிக்கிறோமே, அந்த நீரோடு கொஞ்சம் அமினோ அமிலமும் கரைந்து போய்விடும். பிறகு அகலமான வாணலியில், திறந்தபடி, சீக்கிரமாக வதக்கினால் ஆவி வெளியேற இடமிருக்கும். காலிஃபிளவரின் சொந்தக்காரக் கடுகை எந்தக் குழந்தையும் குறை சொல்வதில்லையே, ஏன்? கடுகின் காரத்தை உண்டாக்கும் நொதி காயும் எண்ணெயில் பொரியும்போதே செத்துவிடுகிறது. பாகற்காயில் உப்புப் பிசறிப் பிழிவது கசப்பு நீரை இறக்குவதோடு நிற்காது. நாக்கில் சோடியம் கசப்பையே அடக்கும் என்று 1997இல் பிரெஸ்லினும் போஷாம்ப்பும் காட்டினார்கள். கடைசியில் தூவும் தேங்காய்ப்பூவின் இனிப்பும் சேர்ந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. மேலே சொன்ன ஆய்வெல்லாம் கேரட், காலிஃபிளவர், சூப். கோவைக்காயும் பீர்க்கங்காயும் முருங்கைக்கீரையும் நம் குழந்தைகள் வாயில் என்ன ஆகின்றன என்று நாம்தான் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். எச்சில் பிடிக்க ஒரு பஞ்சு, ஆவியைப் பிரித்துக் காட்ட எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் இருக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப், இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், மறுவருடம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமாவோடு காய்கறி சாம்பார், காய் போட்ட கிச்சடி, வாரம் தவறாமல், பக்கத்தில் தோழர்களோடு. ஒரு பிள்ளையை, அவனுக்குப் பிடிக்காத காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் சில நாளிலேயே மனம் மாறுகிறது என்று பர்ச் 1980இலேயே பார்த்தது, இங்கே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தினமும் நடக்கிறது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு யாராவது உட்கார்ந்தால் போதும். இதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நான் யாரிடம் வேண்டுமானாலும் மனு கொடுப்பேன்.

கீழ்வீட்டில் இப்போது சமையலறைக் காலண்டரில் பேனா தொங்குகிறது. தினமும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூ, பேரன் தட்டின் ஓரத்தில். பாட்டியும் அவன் எதிரே உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். சாப்பிடு என்று யாரும் சொல்வதில்லை. நாக்கில் பட்ட நாளுக்கு ஒரு புள்ளி.

நேற்றுக் காலை படியில் பார்த்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "இன்னிக்கும் நக்கிப் பார்த்துட்டுத் துப்பிட்டான் டீச்சரம்மா. புள்ளி வெக்கல."

"நாக்குல பட்டுதில்ல? வைங்கம்மா. இது எத்தனாவது?"

"ஏழு."