ஓடும் வண்டியை விட நிற்கும் வண்டிக்குத்தான் எத்தனால் ஆபத்து

போன தை மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். "தம்பி, தீபாவளிக்கு முன்னாடி பெட்ரோல் போட்டு நிறுத்தினேன். ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுற வண்டி. இப்ப உசிரே இல்லை" என்றார். டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் இறக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே பெட்ரோல், அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கலங்கலாக வேறொன்று. "பங்க்ல தண்ணி கலந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை ஐயா, தண்ணீர் உங்கள் வண்டிக்குள் வந்தது, அதைப் பிடித்து வைத்தது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் என்றேன்.

நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2003-லேயே சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கியது. 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2025-ல் 20 ஆகிவிட்டது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது இந்த 20 சதவீதக் கலவை, அதாவது இ20 தான்.

எத்தனால் கலக்காத பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் துளித்துளியாக அடியில் போய் உட்காரும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு விடும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும், வடித்துவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் அப்படியில்லை. தண்ணீரைத் தனக்குள் கரைத்து ஒளித்துக்கொள்ளும். அளவு தாண்டினாலோ, இரவுக் குளிர் இறங்கினாலோ, எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் டேப்புக்குப் போகும் வழியும் அடியில்தானே இருக்கிறது? ரிசர்வில் போட்டால் முதலில் இழுப்பது அந்தக் கலங்கலைத்தான். டூ ஸ்ட்ரோக் ஆயிலை டேங்கிலேயே கலந்து ஓட்டும் வண்டிகளில் இது இன்னும் மோசம். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ளதை இழுத்து என்ஜின் ஓடினால் பிஸ்டன் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். ஐயாவின் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஈரக்காற்றிலிருந்து கொஞ்சம் வரும். ஆனால் நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் இறுகி வெடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற வண்டிக்கு அது போதும்.

2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை தந்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்றார்கள். தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கை நான் ஏற்கிறேன். வாரம் ஒரு டேங்க் காலியாகும் வண்டியில் எரிபொருள் பிரிய நேரமே கிடைக்காது. ஆனால் அப்பா ஓட்டிய வண்டி என்று பாசத்தோடு மூடிவைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெளியே எடுக்கும் வண்டி வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுமா? அதன் கேடு மீட்டரில் தெரியாது, காலண்டரில்தான் தெரியும். எத்தனால் இல்லாத பெட்ரோலும் பங்க்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே பாதுகாப்பு நம் கையில்தான்.

ஐயாவின் கார்புரேட்டரைப் பிரித்தபோது கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளை ஜெட்டில் பச்சை பூத்திருந்தது. பெட்ரோல் டியூப் ஊறித் தடித்துக் கொழகொழவென்று இருந்தது. பழைய டியூப்களும் ஓ-ரிங்குகளும் இந்த எரிபொருளுக்காகச் செய்தவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் செய்ததைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், விலை கொஞ்சம் கூடுதல்தான். டியூப் ஒழுகி சூடான என்ஜின் மேல் சொட்டினால் நெருப்புதான். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஓடும்போதும் ஒரு விஷயம் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். சென்சார் உள்ள புது வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே ஜெட்டில் அதே அளவுதான் விடும். காற்று மிகுந்து என்ஜின் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறம் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றச் சொல்லுங்கள்.

உங்கள் டேங்கில் எத்தனால் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. சிறிய விமானம் ஓட்டுகிறவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 1982 முதல் பழைய சிறு விமானங்கள் பலவற்றுக்கு கார் பெட்ரோல் போட அனுமதி உண்டு, எத்தனால் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. உயரத்தில் குளிர்ந்து தண்ணீர் பிரிந்தால் ஓரமாக நிறுத்த அங்கே சாலை இல்லை. அதனால் அளவுக்கோடு போட்ட குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 வரை பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிச் சற்று வைப்பார்கள். தண்ணீர் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. இ20-ல் அது ஏறக்குறைய 25-க்கு உயர்ந்துவிடும். திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய பெட்ரோலை வண்டிக்குப் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஆக்டேன், அதாவது என்ஜின் தட்டாமல் எரியும் திறன், இறங்கி என்ஜின் தட்டும், ஈரமும் முழுதாகப் போகாது. பிரிந்த பெட்ரோலை மறுபடி சேர்க்க எந்த மருந்தும் கிடையாது, வடித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடிவிட்டு வண்டியை அதுவாக அணையும் வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் காலியாகிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் டேங்கை முழுதாக வடித்து, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்கள், துரு பிடிக்காது. மூடி வாஷரை மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சென்னை போன்ற நகரங்களில் சில பங்க்குகளில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை. விலை ஒன்றரை மடங்குக்கும் மேல். தினசரி ஓட்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நிறுத்துவதற்கு முந்தைய கடைசி இரண்டு லிட்டருக்கு அது தகும்.

ஐயாவின் வண்டியில் டியூப், வாஷர், ஜெட் மூன்றையும் மாற்றி, டேங்கைக் கழுவிக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தைக்கு அதில்தான் போய்வருகிறார்.