வாளித் தண்ணீரில் எலிக்கு என்ன நடக்கிறது?

“கூண்டில் மாட்டும் எலியை வாளித் தண்ணீரில் அமுக்கிவிடுகிறோம். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. இதில் என்ன தப்பு?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் சத்தம். சுண்டெலிகள் எழுப்பும் ஒலிகளில் பல 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. அவை நம் காதுக்கு எட்டாது. சத்தமே இல்லை என்று நாம் சொல்வதில் பெரிய அர்த்தமில்லை.

அடுத்தது மூச்சு. மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் குறைவதால்தான் பதறுகிறோம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் வெளியேற முடியாமல் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. பள்ளி வேதியியல்தான்: அது நீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம், அமிலம் பிரிந்தால் ஹைட்ரஜன் அயனி. அதாவது மூச்சை அடக்க அடக்க ரத்தமும் மூளையைச் சூழ்ந்த திரவமும் மெல்லப் புளிக்கின்றன.

இந்தப் புளிப்பை மூளை எப்படிக் கண்டுகொள்கிறது என்பது எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். பயத்தோடு தொடர்புள்ள பகுதி அமிக்டலா. கண்ணும் காதும் மூக்கும் அனுப்பும் செய்தியை வாங்கி அது எச்சரிக்கை எழுப்பும் என்று படித்திருப்போம். 2009-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது வேறு: அமிக்டலா அமிலத்தைத் தானே நேரடியாக உணர்கிறது. அங்குள்ள நரம்பணுக்களின் சவ்வில் ஏஎஸ்ஐசி1ஏ என்ற புரதம் வாயில்போல் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டினால் அது திறக்கும், சோடியம் உள்ளே பாயும், நரம்பணு கிளர்ந்தெழும்.

கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்த சுண்டெலிகள் அப்படியே உறைந்து நின்றன. எலிக்குப் பயம் வந்ததற்கு அதுதான் அடையாளம். இந்தப் புரதம் இல்லாத எலிகளிடம் அந்த உறைதல் வெகுவாகக் குறைந்தது. அமிக்டலாவில் மட்டும் புரதத்தைத் திரும்ப உண்டாக்கினார்கள். பயமும் திரும்பி வந்தது. அப்புறம் வாயுவை விட்டுவிட்டு, அமிக்டலாவுக்குள் நேராகக் கொஞ்சம் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அப்போதும் எலி உறைந்தது. எதிரே பூனை இல்லை, பாம்பு இல்லை. கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான்.

2013-ல் இதற்கு ஒரு திருப்பம் வந்தது. அரிய நோயால் அமிக்டலா இருபுறமும் சிதைந்த மூன்று பேர், 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். அவர்களில் ஒருவர் பாம்பைக் கையில் வைத்துக்கொண்டும் பயப்படாதவர். ஆனால் அன்றைக்கு மூவருக்கும் பீதி பிடித்தது. ஆக, அமிக்டலாவுக்கு வெளியேயும் இந்த அபாய மணி இருக்கிறது. இவ்வளவு ஆழத்தில் இதைப் பதித்து வைத்திருக்கும் பரிணாமம், மூழ்கும் எலிக்கு மட்டும் சலுகை தரப்போவதில்லை. நினைவு தப்பும்வரை அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் மூழ்கடிப்பதை ஏற்கத் தகாத முறை என்றே வைத்திருக்கிறது.

சரி, வேறு வழி? கொல்வதென்று முடிவாகிவிட்டால் வலுவான ஸ்பிரிங் உள்ள அடிபொறிதான் நல்லது. கழுத்திலோ மண்டையிலோ சரியாக விழுந்தால் நொடிகளில் உணர்வு போய்விடும். இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். கால் மட்டும் சிக்கி உயிரோடு துடித்தால், பார்த்துக்கொண்டு நிற்காமல் தலையில் பலமாக ஒரே அடி. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் வாளியைவிட இது எவ்வளவோ மேல்.

பசை அட்டை வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் தோலைப் பிய்த்துக்கொண்டு கிடக்கும். இங்கிலாந்தில் 2022-ல் இதற்கு எதிராகச் சட்டமே போட்டார்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதைச் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எடுக்கலாம்; பசை இளகிவிடும். ரத்தம் உறையவிடாத எலிமருந்தும் இதே கதைதான், கொல்ல நாள்கணக்காகும். செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும்.

உயிரோடு பிடிக்கும் கூண்டு என்றால் காலையும் மாலையும் கட்டாயம் பாருங்கள். 20 கிராம் உடம்பு மளமளவென்று சூட்டை இழக்கும். கிழித்த காகிதமும் கொஞ்சம் தீனியும் உள்ளே இருக்கட்டும். எங்கோ தொலைவில் கொண்டுபோய் விடுவதைப் புண்ணியமாக நினைக்க வேண்டாம். பழகாத இடத்தில் பதுங்கப் பொந்து தெரியாது, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆண் எலிகளும் கடித்து விரட்டும்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. ஆய்வகத்தில் இதே சுண்டெலியைக் கொல்லப் பல நாடுகளில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எப்படிச் சாகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுக்களைக்கு வந்துவிட்டால் கேட்பாரில்லை. எலியை வைத்துச் செய்யும் மருந்து ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியையாவது நல்ல பொறி செய்யச் செலவிடலாம்.

கடைசியில் வேலை ஓட்டையை அடைப்பதில்தான் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். துணியும் நுரையும் வைத்து அடைத்தால் கடித்துத் துப்பிவிடும். உள்ளே இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி கூட்ட வேண்டாம். கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள்.