மச்சாளின் குரலும் சீவாளியும்

பருத்தித்துறையில் தட்டைவடையும் மோர் மிளகாயும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற அக்கா ஒருவர் போன கிழமை கேட்டார்: "தம்பி, கனடாவில இருக்கிற மச்சாள் வொய்ஸ் போட்டிருக்கிறா. அஞ்சு கிலோ வடை அனுப்பச் சொல்லுறா, காசு பிறகு போடுவாவாம். குரல் கொஞ்சம் வேற மாதிரிக் கிடக்கு. இப்ப மெசினே ஆக்களின்ர குரலில கதைக்குதாமே, உண்மையோ?"

உண்மைதான். ஆனால் அதைவிட வேடிக்கை, செல்போனில் நாம் இத்தனை வருடமாகக் கேட்டு வந்ததும் மெசின் செய்த குரல்தான்.

நாதஸ்வரத்தை எடுங்கள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் தனியே ஊதினால் வெறும் கீச்சு. குழலில் பொருத்தியதும் அது சில அதிர்வுகளைத் தூக்கி, சிலதை அமுக்கி, நாதமாக்குகிறது. நம் குரல்நாண்கள்தான் சீவாளி. தொண்டையும் வாயும் மூக்கும் குழல். ஒரே வித்தியாசம், இந்தக் குழல் பேசப் பேச வடிவம் மாறும், 'ஆ'வுக்கு ஒன்று, 'ஈ'க்கு ஒன்று.

1991இல் பின்லாந்தில் முதல் அழைப்புப் போன ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் வகைச் செல்போன் இதைத்தான் பிடித்துக்கொண்டது. குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, 'முந்தின எட்டு அளவுகளை வைத்து அடுத்ததை ஊகிக்கலாமா' என்று ஒவ்வொரு துண்டிலும் கணக்குப் போடுகிறது. ஓரளவு ஊகிக்கவும் முடிகிறது, ஏனென்றால் ஒலி குழலுக்குள் எதிரொலித்துக்கொண்டே இருப்பதால் அடுத்த அளவு முந்தினவற்றின் சாயலோடுதான் வரும். அந்த ஊகத்துக்கு வேண்டிய எட்டு எண்கள்தான் குழலின் வடிவம்! ஊகத்துக்குள் அகப்படாமல் மிஞ்சுவது சீவாளியின் கீச்சு. 2,080 பிட் (0 அல்லது 1 என்ற குறிகள்) பிடிக்க வேண்டிய துண்டை இப்படி 260 பிட்டுக்குள் அடக்கி அனுப்ப, மற்றப் பக்கத்துப் போன் அந்தக் கீச்சை எண்களாலான குழலுக்குள் ஊதிக் குரலை அங்கேயே உண்டாக்குகிறது, நொடிக்கு 50 முறை. இதைப் படித்த நாளிலிருந்து கோயிலில் மேளம் கேட்டாலும் எனக்குப் போன்தான் ஞாபகம் வருகிறது.

சரி, நகல் குரலுக்கு வருவோம். மைக்ரோசொப்ட் 2023 ஜனவரியில் அறிவித்த வால்-ஈ என்ற குரல் நகலெடுக்கும் மென்பொருள், 60,000 மணிநேர ஆங்கிலப் பேச்சில் பழகியது. ஒருவரின் குரலில் பேச அவரின் 3 நொடிப் பேச்சு போதும் என்றார்கள். கணக்கு வேறு, நரம்பு வலையமைப்பு, அதாவது மாதிரிகளைப் பார்த்துப் பழகும் கணினிக் கணக்கு. ஆனால் அதுவும் குரலைச் சுருக்கும் எண்களைத்தான் எழுதுகிறது, அந்த ஆள் ஒருநாளும் சொல்லாத சொற்களுக்கு.

மெசின் இப்படிப் பழக ஒலிப்பதிவு வேண்டும். ஆனால் யாழ்ப்பாணப் பேச்சை ஒலிப்பதிவாகச் சேர்க்கக் காசு ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள், 'என்ன பிரயோசனம்?' என்பார்கள். கடைப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்ட எண்சாத்திரக்காரருக்கு மட்டும் கேள்வியில்லாமல் கொடுப்பார்கள்.

அக்காவுக்கு நான் சொன்னது, குரலை விட்டுவிட்டு மச்சாளின் பழைய நம்பருக்கு நீங்களே எடுங்கள், உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள் என்பதுதான். எடுத்து, போன பொதியில் என்ன உடைந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். மச்சாளேதான், தடிமனாம். "என்னையே சோதிக்கிறியோ" என்று கோபம் வேறு.

வடை போய்விட்டது. காசு இன்னும் வரவில்லை.