தடுப்பணைக்குக் கீழே சுற்றிய தேங்காய்

ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அங்கே புழையில், அதாவது ஆற்றில், ஒரு தடுப்பணை. ஆள் உயரம்கூட இருக்காது. அதன் கீழே ஒரு தேங்காய் கிடந்தது. சுவரை நோக்கிப் போகும், விழுகிற தண்ணீரில் அமுங்கும், கொஞ்சம் தள்ளி எழும்பும், மறுபடி சுவருக்கே போகும். கால் மணி நேரம் பார்த்தேன், அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

"பாத்தியா, இழுப்பே இல்ல. எறங்கிக் குளிக்கலாம்" என்றார் சித்தப்பா.

நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவதுதான் என் வேலை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சுவரைத் தாண்டி விழும் நீர் அடியில் பாய்ந்து முன்னால் போகிறது. கீழ்ப்பக்க நீர்மட்டம் ஓரளவு ஏறியிருந்தால், மேலே இருக்கும் நீர் சுவரை நோக்கித் திரும்பி ஓடும். மேலோட்டமாகப் பார்த்தால் அமைதி. நீச்சல் தெரிந்தவர் மேல்நீரில்தான் கை போடுவார். அங்கே அது எதிர்நீச்சல். போதாததற்கு நுரை வேறு. நீரில் மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குமிழி என்றால் நம்மைத் தாங்கும் விசையும் அதே அளவு குறையும், உடம்பு மிதக்காது.

இதை முழுசாகக் கணக்கிட முடியாதா என்று கேட்பார்கள். ஒரு மீட்டர் ஆழம், நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்று வையுங்கள். அதிலுள்ள பொடிச் சுழல்கள்வரை பிடிக்க, கணினியில் அந்த நீரைத் தோராயமாக நூறு லட்சம் கோடி குட்டிக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் வேகத்துக்குச் சராசரி எடுத்துவிடுகிறோம். 1895இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் போட்டுக்கொடுத்த வழி. படம் வழவழவென்று அழகாக வரும். சுவர் கட்ட அது போதும், குளிக்கிறவருக்குப் போதாது. வேகம் சட்டென்று 1 மீட்டரிலிருந்து 2 மீட்டர் ஆனால் தள்ளுகிற விசை நாலு மடங்கு. முழங்கால் தண்ணீரில் நிற்பவரின் கால்களை ஏழெட்டு கிலோ எடையளவு தள்ளிக்கொண்டிருந்த நீர், திடீரென்று 30 கிலோ அளவுக்குத் தள்ளும். சராசரிப் படத்தில் அந்தத் திடீர் இருக்காது.

அணையின் கீழ்முகத்தைப் படிப்படியாகவோ கல் பரப்பிய சரிவாகவோ கட்டினால் இந்தச் சுழற்சி உடைந்துவிடும். செலவு கூடும், சரி; ஆனாலும் குளிதுறைக்குப் பக்கத்திலாவது செய்யலாம் என்பது என் கட்சி.

எனக்குப் பெரிய பயம், சிக்கியவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான். தயவுசெய்து குதிக்காதீர்கள். காலி எண்ணெய் கேனை மூடி, கயிற்றில் கட்டிக் கரையிலிருந்தே வீசுங்கள். தீயணைப்புப் படைக்கு 101.

எல்லாம் கேட்டுவிட்டுச் சித்தப்பா கேட்டார்: "அப்ப தேங்காய் போட்டுப் பாத்து, அது போயிருச்சுன்னா எறங்கலாமா?"

அதுவும் கூடாது. தமிழ்நாடு–கேரள பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர், எல்லையோர மணக்கடவில் அளந்து, கேரளப் பக்கம் வருகிறது. மேலே ஆழியாறு அணையில் ஷட்டர் தூக்கினாலோ, மலையில் மழை கொட்டினாலோ, நம்மூரில் வெயில் காயும்போதே புழை ஏறும்.

அன்றைக்குச் சித்தப்பா தோட்டத்து மோட்டார் தொட்டியில் குளித்தார். கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டேதான்.