காருக்குள் சுருட்டு: புகை எந்தப் பக்கம் போகிறது?

கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டால் புகை வெளியே போய்விடும் என்று நினைக்கிறோம். வண்டி ஓடும்வரை அது ஓரளவு உண்மை. முன் ஜன்னலை ஒட்டிக் காற்று விரைவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. இடுக்கருகே இருக்கும் புகை வெளியே இழுபடுகிறது. சிக்னலில் நின்றால் இழுவை இல்லை, புகை உள்ளேயே தங்கும்.

பின் ஜன்னலும் திறந்திருந்தால் காற்று பெரும்பாலும் பின்னால் நுழைந்து முன்னால் வெளியேறும். வெளியே தட்டிய கங்கு பின் சீட்டில் வந்து விழுவது இப்படித்தான். கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை எடுக்கும்படி ஏசியை வைத்தால் திசை மாறிவிடும்: முன்கண்ணாடியின் அடியில் நுழையும் காற்று டிக்கிப் பக்கத் துவாரங்களில் வெளியேறும். போகிற வழியில் பின் சீட்டுக் குழந்தை அதைச் சுவாசித்தாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பதை இங்கிலாந்து 2015 அக்டோபரில் தடைசெய்தது சரியான முடிவு.

சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 கிராமுக்கு மேல், சிலவற்றில் 15 கிராமையும் தாண்டும்; ஒரு மணி நேரம்கூடக் கனியும். இழுக்காதபோதும் நுனி புகைந்துகொண்டே இருப்பதால், சுமார் 3 கன மீட்டர் உள்வெளியில் சேரும் புகையில் பெரும்பங்கு அதுதான். ஏசியை உள்சுழற்சியில் வைத்தால் அதே புகைதான் திரும்பத் திரும்ப வரும். கேபின் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் நிகோடின் எளிதில் ஆவியாகி, கூரைத்துணியிலும் சீட்டிலும் படிகிறது. அப்படிப் படிந்த நிகோடின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுவதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். புகைப்பவர் ஒருவரின் டிரக்கிலும் அவை இருந்தன. வாசனைத் திரவியம் தெளித்தால் நாற்றம் மறையும், படிவு போகாது.

சுத்தம் செய்யும்போது முதலில் கண்ணாடியின் உட்புறப் பழுப்புப் படலத்தை வெந்நீரும் பாத்திர சோப்பும் தொட்ட துணியால் துடையுங்கள். கூரைத்துணியை நனைய விடாதீர்கள்; பசை விட்டுத் தொங்கிவிடும். ஏசியின் குளிர்சுருளிலும் பிசுபிசுப்பு படிந்திருக்கும், அதையும் கழுவ வேண்டும். ஃபில்டரைக் கடைசியில் மாற்றுங்கள். முதலிலேயே மாற்றினால் புதியதிலும் நாற்றம் ஏறும்.

ஓட்டும்போது கங்கு மடியில் விழுந்தால் குனிந்து தேடாதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடிக்குள் வண்டி 50 மீட்டர் போய்விடும். இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, வண்டி நின்ற பிறகு இறங்கித் தட்டுங்கள்.