பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவர்களுக்கு: அகல டயர் போடும் முன்

போன மாதம் பெரம்பூரில் இருந்து ஒரு தம்பி வந்தார். ஏழு வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் பைக், இரண்டு கை மாறி அவரிடம் வந்திருக்கிறது. “அண்ணா, கத்திப்பாரா லூப்ல திரும்பினா வண்டி வெளிய ஓடுது. பின்னாடி அகலமா டயர் போட்டா சரியாயிடும்ல?” என்றார். சைலன்சருக்கு ஏற்கெனவே நிறைய செலவழித்திருந்தார்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெல்லத் தள்ளச் சொன்னேன். நேராக வரும் இடத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்ததுபோல ‘டக்’கென்று நின்றது. மறுபடி தள்ளிப் பார்த்தார், மறுபடியும் அதே இடம். ஹேண்டில் திரும்பும் தண்டில் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட் போய்விட்டது. நம் ஊர்க் குழிகளில் இறங்கி ஏறியே பேரிங் குண்டுகள் அவை உருளும் வளையத்தில் (ரேஸ்) தடம் பதித்துவிடும். வளைவில் வண்டி தன்னைத்தானே சரிசெய்துகொள்ள, ஹேண்டில் தடையில்லாமல் அசைய வேண்டும். நடுவில் பிடித்தால் நாம் ஒரு பக்கம் போக நினைக்க, வண்டி வேறு பக்கம் போகும்.

இதை அகல டயர் சரிசெய்யாது. ரிம்முக்குப் பொருந்தாத அகலத்தை ஏற்றினால் டயரின் ஓரங்கள் உள்ளே இழுபட்டு அதன் வளைவே மாறிவிடும். வண்டி சாய்வதற்கே மந்தமாகும். கம்பெனி அளவையே போடுங்கள், ஆனால் புதிதாகப் போடுங்கள். டயர் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த ரப்பர் இறுகியிருக்கும். ஓ.எம்.ஆரில் தினமும் நேராகவே ஓடிய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், சாய்க்கும்போது அந்த விளிம்பைத் தாண்டுவது கையிலேயே தெரியும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

அப்புறம் ஃபோர்க் ஆயில், அதாவது முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் சஸ்பென்ஷன் குழாய்களுக்குள் உள்ள எண்ணெய். அந்தத் தம்பியின் வண்டியில் வடித்தபோது சாக்கடைத் தண்ணீர் மாதிரி வந்தது, ஒரு குழாயில் மற்றதைவிடக் குறைவாக வேறு. இன்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றுபவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. ஆயில் கெட்டால் ஸ்பிரிங் ஆடுவதைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்காது, பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குத்தும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சஸ்பென்ஷன் ட்யூனிங். இதற்கு உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். பின்சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பேக் எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சாலையில் ஓட்டும் வண்டிக்கு வித்தியாசம் 30 முதல் 35 மில்லிமீட்டர் வந்தால் நல்லது. தம்பிக்கு 51 வந்தது. பின்பக்கம் அவ்வளவு உட்கார்ந்தால் முன்சக்கரத்தில் பாரம் குறையும், வளைவில் வெளியே ஓடுவதற்கு அதுவும் காரணம். கொக்கி மாதிரி இருக்கும் சி-ஸ்பேனரால் ப்ரீலோடை, அதாவது பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, மூன்று படி ஏற்றியதும் 34-க்கு வந்தது. கடைசிப் படி வரை ஏற்றியும் வரவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஆகாது.

செயினை இறுக்கும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டி, எழுதி வையுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஈ.சி.ஆருக்குப் போகாதீர்கள் தம்பிகளே. அங்கே வளைவு ஓரத்தில் கிடக்கும் கடல் மணலுக்கு எந்த செட்டிங்கும் உதவாது. வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. அங்கே போவதற்கு முந்தின நாள் பிரேக் பேடையும் ஃபோர்க் சீலையும் யாரிடமாவது காட்டிவிட்டுப் போங்கள்.