குகையும் பிலமும்

சேலத்தில் ‘குகைக்குப் போக வேண்டும்’ என்றால் எந்த ஆட்டோக்காரரும் மலையை நோக்கி வண்டியைத் திருப்ப மாட்டார். ஆடி மாத வண்டி வேடிக்கைக்குப் பேர்போன குகைப் பகுதியில்தான் இறக்கிவிடுவார். இப்படி ஊர்ப்பெயராகிவிட்ட இச்சொல்லையே ஆங்கிலத்தின் கேவ், கேவர்ன் ஆகிய இரண்டுக்கும் பொருளாக எழுதிவருகிறோம்.

இவ்விரண்டும் ‘உள்ளே வெற்றிடமான’ என்று பொருள்படும் காவுஸ் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தவை. பல் மருத்துவர் சொல்லும் கேவிட்டிக்கும் அதுவே வேர். அதைச் சொத்தை என்கிறோமே தவிர, பல்லில் குகை விழுந்தது என்று யாரும் சொல்வதில்லை.

கேவ் என்பது, ஆள் நுழையுமளவு இயற்கையாக அமைந்த எந்தக் குடைவையும் குறிக்கும் பொதுச்சொல். கேவர்ன் என்றாலோ பரப்பும் ஆழமும் இருளும் சேர்ந்து மனத்தில் எழும். கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் காலங்காலமாகக் கரைத்து உண்டாக்கிய, மேலிருந்து கல்விழுதுகள் தொங்கும் நிலத்தடிக் கூடங்களையே பெரும்பாலும் அப்படி அழைக்கிறார்கள். ஆந்திரத்தின் போரா, பேலம் ஆகியவை பெயரளவில் கேவ் என்றே வழங்கினாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஏற்காட்டின் உச்சியிலுள்ள சேர்வராயன் கோயில் அப்படிப்பட்டதன்று. தலைகுனிந்து நுழைந்தால், குறுகிய கல்லிடுக்கின் உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை சுண்ணாம்புக்கல்லைப் போல நீரில் கரைவதில்லை. ஆகவே இதைக் கேவ் என்பதே பொருந்தும்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? புலி இருந்துவிட்டுப் போன கல்லளையைத் தாயின் வயிற்றுக்கு உவமையாக்குகிறது புறநானூற்றின் 86ஆம் பாட்டு. சிங்கம் மழைக்காலத்தில் உறங்கும் இடத்தை முழைஞ்சு என்கிறது திருப்பாவை. மலைப்பிளவுக்கு விடர் என்று பெயர். குகை என்பதோ ‘மறைத்தல்’ என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. லத்தீன் வெறுமையைப் பார்த்த இடத்தில் வடமொழி ஒளிவிடத்தைப் பார்த்திருக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் கேவ் என்பதற்கு முழை என்றே எழுதலாம். ஆனால் நாவில் ஊறிப்போன குகையை விலக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேவர்ன் என்பதற்குப் பெருங்குகை என்றால் அளவு மட்டுமே தெரிகிறது, நிலத்தடி ஆழம் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் திருமால்குன்றத்துப் பிலத்து வழியை, அதாவது நிலத்தடிக் குகை வழியைப் பற்றி ஒரு மறையோன் சொல்லக் கேட்ட சமணத் துறவி கவுந்தியடிகள், ‘பிலம்புக வேண்டும் பெற்றி ஈங்கில்லை’ என்று மறுக்கிறார். வடமொழியிலிருந்து வந்ததேயானாலும், கீழே கீழே இட்டுச்செல்லும் வழி என்னும் குறிப்பு அச்சொல்லில் இருப்பதால், கேவர்னுக்குப் பிலம் என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சேர்வராயன் கோயிலின் உட்குடைவு மலைக்கடியில் நெடுந்தூரம் ஓடிக் காவிரியில் சேர்கிறது என்று ஏற்காட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. பாறையைக் கேட்டால் அது குகை. அந்தக் கதையைச் சொல்பவரைக் கேட்டால் பிலம்.